வயர் எட்டுகிற தூரத்துக்குள் ஒரு படம்: ஆக்னஸ் வார்தாவிடம் கற்றுக்கொண்டு நம் ஊரைப் படமெடுப்பது எப்படி

பாரிஸில் தகேர் தெரு என்று ஒன்று இருக்கிறது. கறிக்கடை, ரொட்டிக்கடை, தையல்கடை, முடிவெட்டும் கடை என்று நம்ம திருநெல்வேலி டவுன் ரதவீதிக்குப் பின்னால் போகிற சந்துகளைப் போன்ற ஒரு தெரு. பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வார்தா 1951-லிருந்து சாகும்வரை அங்கேதான் குடியிருந்தார். 1970-களின் நடுவில் அவருக்கு இரண்டு வயதுப் பையன் இருந்தான், பிள்ளையை விட்டுவிட்டு வெளியூர் போய்ப் படமெடுக்க முடியவில்லை. சரி, போக வேண்டாம் என்று முடிவெடுத்து, வீட்டுக் கரண்ட் மீட்டரிலிருந்து ஒரு நீளமான வயரை இழுத்து, அந்த வயர் எவ்வளவு தூரம் போகிறதோ அதற்குள் இருக்கிற கடைக்காரர்களை மட்டும் படமெடுத்தார். நூறு மீட்டர்கூட இருக்காது. ‘தகெரோடைப்’ என்ற அந்த ஆவணப்படம் இன்றைக்கும் பார்க்கப்படுகிறது.

‘படம் எடுக்கணும், ஆனா சென்னைக்குப் போக வசதியில்ல, கேமரா இல்ல, சப்ஜெக்ட் கிடைக்கல’ என்று என்னிடம் கேட்கிற நெல்லைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த வயர் கதையைத்தான். கையில் போன் இருக்கிறது, காலடியில் ஊர் இருக்கிறது. வார்தாவின் வாழ்க்கையைக் கூடவே வைத்துக்கொண்டால் ஒரு பதினைந்து நிமிட ஆவணப்படத்தை எப்படி எடுப்பது என்று முழுசாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஆள் யார் என்று முதலில் சுருக்கமாக. 1928 மே 30 அன்று பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் பிறந்தார். அப்பா கிரேக்கர், அம்மா பிரெஞ்சுக்காரர். வீட்டில் வைத்த பெயர் ஆர்லெத், பதினெட்டு வயதில் தானே ஆக்னஸ் என்று மாற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப்போரில் குடும்பம் தப்பித்து தெற்கு பிரான்ஸில் செத் என்ற மீனவ ஊருக்குப் போய் ஒரு படகிலேயே வாழ்ந்தது. பிறகு பாரிஸில் புகைப்படம் கற்று, ழான் விலார் நடத்திய தேசிய மக்கள் நாடக அரங்குக்குப் புகைப்படக்காரராக வேலை பார்த்தார். சினிமாப் பள்ளிக்குப் போனதே இல்லை, சினிமா பார்த்ததும் ரொம்பக் குறைவு. அப்படி இருந்தவர் 1954-ல் தன் சிறுவயதுச் செத்துக்குத் திரும்பிப் போய், அங்கே லா புவான்த் கூர்த் என்ற மீனவர் குடியிருப்பில் அதே பெயரில் முதல் படம் எடுத்தார். கையில் காசு கிடையாது, நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் பங்காளிகளாகச் சேர்ந்து வேலை பார்த்தார்கள். எடிட் செய்தவர், பிறகு பெரிய இயக்குநரான அலென் ரெனே. பிரெஞ்சுப் புதிய அலை என்று உலகம் கொண்டாடுகிற சினிமா இயக்கம் தொடங்க இன்னும் நாலைந்து வருஷம் இருக்கும்போதே 1955-ல் அந்தப் படம் வந்துவிட்டது.

அவர் முதலில் போனது தனக்குத் தெரிந்த ஊருக்கு. அதனால் முதல் வேலையாக உங்கள் வயரின் நீளத்தை முடிவு செய்யுங்கள். வீட்டு வாசலில் நின்று ஐந்து நிமிடம் நடங்கள், எங்கே போய் நிற்கிறீர்களோ அதுதான் எல்லை. வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதே விதிதான். பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு தெரு, காருகுறிச்சியில் பானை வனைகிற ஒரு வளவு, கூத்தங்குழியிலோ உவரியிலோ வலை பின்னுகிற ஒரு கடற்கரைத் துண்டு, இப்படி ஒன்றை மட்டும் எடுங்கள். ‘திருநெல்வேலி மாவட்டத்தின் தொழில்கள்’ என்று ஆரம்பித்தால் அது அரசாங்க விளம்பரப் படமாகத்தான் முடியும், நான் பார்த்திருக்கிறேன்.

எல்லை முடிவான பிறகு ஒரு வாரம் போனை வெளியே எடுக்கவே வேண்டாம். போய் உட்காருங்கள், டீ குடியுங்கள், யார் எந்த நேரத்துக்கு வருகிறார்கள், யார் யாரிடம் பேசுவதில்லை, வெயில் எந்தப் பக்கத்துச் சுவரில் எப்போது விழுகிறது என்று பாருங்கள். ‘தகெரோடைப்’ படத்தில் வாசனைப் பொருளும் பொத்தானும் விற்கிற ஒரு வயதான தம்பதி வருகிறார்கள். அந்த அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே போகிறது, சாயங்காலமானால் எங்கோ போக வேண்டும் என்பதுபோலக் கதவுப் பக்கம் வந்து நிற்பார். தினமும் அந்த வழியாக நடந்து போகிற அண்டைவீட்டுக்காரிக்குத்தான் அது கண்ணில் படும்.

சரி, சப்ஜெக்ட். என் கருத்து இதுதான்: ஊர் எதை வேண்டாமென்று கழித்துப் போடுகிறதோ அதை யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள், படம் அங்கே இருக்கும். இதை வார்தாவிடமிருந்துதான் கற்றேன். 2000-ல் வந்த ஒரு படத்துக்காக, எழுபது வயதைத் தாண்டியபின், கையடக்கமான ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவை வாங்கிக்கொண்டு அவர் பிரான்ஸ் முழுக்கக் கிளம்பினார். அறுவடை முடிந்த வயலில் மிஞ்சியதைப் பொறுக்குகிறவர்கள், சந்தை கலைந்த பிறகு தரையில் கிடக்கிற காய்கறியை எடுக்கிறவர்கள், குப்பைத்தொட்டியிலிருந்தே சாப்பிடுகிறவர்கள், தூக்கிப் போட்ட சாமானில் சிற்பம் செய்கிறவர்கள் என்று தேடித் தேடிப் பேசினார். படத்தின் பெயர் ‘லே க்ளானர் எ லா க்ளானஸ்’. தமிழில் ‘பொறுக்குகிறவர்களும் பொறுக்குகிறவளும்’ என்று அப்படியே வரும். அந்தக் கடைசி ‘அவள்’ வார்தாவேதான். ஆங்கிலத் தலைப்பில் இந்தப் பெண்பால் விகுதி வரமுடியாமல் போயிற்று, தமிழில் அழகாக நிற்கிறது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. அளவு சரியில்லை, வடிவம் சரியில்லை என்று டன் கணக்கில் உருளைக்கிழங்கை வயலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்குள் இதய வடிவத்தில் ஒரு கிழங்கு கிடக்கிறது. வார்தா அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார், நாள்பட அது சுருங்கி முளைவிடுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இன்னொரு காட்சியில் கருப்பு அங்கி போட்ட வக்கீல் ஒருவர் வயலுக்கு நடுவில் சட்டப்புத்தகத்தோடு நின்று, அறுவடை முடிந்தபின் ஏழைகள் சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை வயலில் பொறுக்கலாம் என்று 1554-ம் ஆண்டு அரசாணையிலேயே இருப்பதாகச் சொல்கிறார். அப்புறம் சந்தையில் சிந்திய கீரையையும் பழத்தையும் தின்றுகொண்டே பேசுகிற ஒரு மனிதர் வருகிறார். கொஞ்ச நேரம் கழித்துத் தெரிகிறது, அவர் ராத்திரியில் புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் இல்லாமல் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். இதை வார்தா முதலிலேயே சொல்லவில்லை. அந்த மனிதர் தரையில் குனிந்து எடுப்பதை நாம் நன்றாகப் பார்த்த பிறகுதான் வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். எதை எப்போது சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் மொழியில் பொறுக்கி என்பது வசவு. பொறுக்கி எடுத்த விதை என்றால் மட்டும் உசத்தி. ஒரே சொல்தான், குனிகிற ஆள் யார் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. எங்கள் ஆச்சி கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசானப் பருவக் கருதறுப்பு முடிந்ததும் வயலில் கருது பொறுக்கப் போவாள், களத்தில் நெல் அளந்து முடித்தபின் வாரியலும் சுளகுமாகப் போய்ச் சிந்தின நெல்லை மண்ணோடு கூட்டி அள்ளிப் புடைத்து எடுப்பாள். அது எங்களுக்கு மாசி பங்குனியில் பல நாள் சோறு. இப்போது மெஷின் வந்து அறுத்து, வயலிலேயே டிராக்டரில் நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது, களம் என்பதே பல ஊரில் இல்லை. ஆனால் மெஷின் விட்ட நெல் வயலில் கிடக்கத்தான் செய்கிறது, அதைத் தேடி வாத்துக்காரர்கள் வருகிறார்கள், ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் வருகிறார்கள். யார் யாரிடம் கேட்டு இறங்குகிறார்கள், காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று கேட்டாலே ஒரு படத்துக்கான கதை வந்துவிடும். வயலே வேண்டாமென்றால் நயினார்குளம் மொத்த மார்க்கெட்டில் லாரி இறக்கி முடிந்த பிறகு தரையைப் பாருங்கள், தக்காளி விலை விழுந்த வாரத்தில் பாவூர்சத்திரம் பக்கம் போங்கள்.

இனி, ஆட்களிடம் கேட்பது. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். முதன்முதலாக ஒரு மார்க்கெட்டில் தரையில் உதிர்ந்த வெங்காயத்தைப் பையில் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மையைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, பையைக் கவிழ்த்து வெங்காயத்தை எல்லாம் திரும்பத் தரையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த இரவு அவர் வீட்டில் என்ன குழம்பு என்று நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் காட்சியை அழித்துவிட்டேன், ஆனால் அழித்தால் வெங்காயம் திரும்ப வருமா.

அதனால் போனை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதலில் பேசுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள், எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘என்னைய எதுக்குய்யா எடுக்கே, நல்ல சேலைகூட கட்டலயே’ என்று ஆச்சிகள் சொன்னால் பாதிச் சம்மதம் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வரட்டும், காத்திருங்கள், அப்படியே எடுங்கள், பிறகு அவரே வேலைச் சேலையிலும் எடுக்கச் சொல்வார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முக்கூடல், மேலப்பாளையம், பேட்டை பக்கம் பீடி சுற்றுகிற பெண்களை எடுக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இலையும் தூளும் கொடுத்து, சுற்றியதைத் திரும்ப வாங்கி, சரியில்லை என்று ஒரு பங்கைக் கழிக்கிற இடத்தைப் பற்றி ஒரு மதினி வாய்திறந்து பேசினால், அடுத்த நாள் அவருக்கு இலை குறையலாம். அந்த மாதிரிப் பேச்சைக் குரலாக மட்டும் வைத்து, திரையில் கையைக் காட்டுங்கள். பீடி சுற்றுகிற கை பார்க்கத் தெவிட்டாது, நூல் சுற்றி மடிக்கிற வேகத்தைப் பத்து நொடி வெட்டாமல் விட்டால் போதும். எடுத்ததை அவரிடம் போட்டுக் காட்டி, எது இருக்கலாம் எது கூடாது என்று அவரே சொல்லட்டும்.

கேள்விகளுக்கு வார்தா தன் தெருக்காரர்களிடம் கேட்டதையே எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், இரண்டு பேரும் எப்படிச் சந்தித்தீர்கள், தூக்கத்தில் என்ன கனவு வரும். வருமானம் எவ்வளவு, கஷ்டம் என்ன என்று ஆரம்பித்தால் எல்லாரும் கலெக்டரிடம் மனு கொடுக்கிற குரலில்தான் பேசுவார்கள். கனவு கேளுங்கள். கறிக்கடை அண்ணாச்சி கனவிலும் தராசைத்தான் பிடிக்கிறாரா என்று தெரிந்தால், கஷ்டம் தானாக அதற்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

போன் விஷயம் சுருக்கமாக. படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நல்ல பேச்சுக்கு நடுவில் யாராவது கூப்பிட்டு ரெக்கார்டிங் நின்றுபோகும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சமும் ஃபோகஸும் அப்படியே நின்றுவிடும். ஜூம் வேண்டவே வேண்டாம், பக்கத்தில் போங்கள், பக்கத்தில் போக முடியவில்லை என்றால் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். நம்ம ஊர் வெயிலில் காலை எட்டரைக்கு மேல் முகத்தில் கண்குழி கறுத்துவிடும், அந்த நேரத்தில் திண்ணைக்கோ வேப்பமரத்து நிழலுக்கோ ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒலிக்கு இன்னொரு போனை இரவல் வாங்கி, பேசுகிறவர் மடியிலோ பக்கத்திலோ வைத்து ரெக்கார்டரை ஓடவிட்டு, தொடங்கும்போது ஒரு கைதட்டு தட்டினால் எடிட்டில் இரண்டையும் சேர்ப்பது எளிது. ஆனி ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் எடுப்பதாக இருந்தால் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். மைக் ஓட்டையின்மேல் கொஞ்சம் பஞ்சை ஒட்டி வைத்து, சுவருக்குப் பின்னால் உட்கார வைத்துப் பேசுங்கள்.

உங்களையும் படத்துக்குள் வையுங்கள், கொஞ்சமாக. வார்தா ஒரு கையால் கேமராவைப் பிடித்து மறுகையைப் படமெடுத்தார். சுருக்கமும் புள்ளியும் விழுந்த தன் கையைப் பார்த்து, வயது வந்துவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். கேமராவை நிறுத்த மறந்து நடந்தபோது லென்ஸ் மூடி தொங்கி ஆடுவது பதிவாகியிருந்தது, அதைத் தூக்கிப் போடாமல் ஜாஸ் இசை சேர்த்து ஒரு நடனமாகவே வைத்துவிட்டார். மிஞ்சியதைப் பற்றி எடுக்கிறவர் தன் மிச்சத்தை எறியக்கூடாது அல்லவா. உங்கள் பதிவுகளையும் அழிப்பதற்கு முன் ஒருமுறை முழுசாகப் பாருங்கள்.

எல்லாமே ஆவணப்படமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1985-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய ‘சான் த்வா நி லுவா’ (கூரையும் இல்லை, சட்டமும் இல்லை) கற்பனைக் கதைதான். குளிரில் விறைத்து ஒரு பள்ளத்தில் செத்துக் கிடக்கிற இளம்பெண்ணோடு படம் தொடங்குகிறது. பிறகு அவள் வழியில் பார்த்த ஆட்கள் ஒவ்வொருவராக அவளைப் பற்றிச் சொல்கிறார்கள், அவர்களில் பலர் அந்தப் பகுதி மக்களே. சாந்த்ரின் போனேர் நடித்த அந்த மோனா யாருக்கும் நன்றி சொல்ல மாட்டாள், நம் இரக்கத்தையும் கேட்க மாட்டாள். வார்தா அவளை நல்லவளாக்க முயலவே இல்லை, அதனால்தான் அந்தச் சாவு மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. நீங்கள் ஏழைகளைப் பற்றி எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். கோபக்காரராக, சோம்பேறியாக, பொய் சொல்கிறவராக இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

அந்தப் படத்தில் மோனா நடக்கும்போது கேமரா வலமிருந்து இடமாகக் கூடவே நகரும், பத்து தடவைக்கு மேல் வரும். நாம் படிக்கிற திசைக்கு எதிர்த்திசை என்பதால் கண்ணுக்கு ஒரு சின்ன முட்டல் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நகர்வும் ஏதோ ஒரு பொருளில் வந்து முடியும், அடுத்தது அதைப் போன்ற பொருளிலிருந்து தொடங்கும். இதைச் செய்ய தண்டவாளம் வாங்க வேண்டாம். சைக்கிள் கேரியரில் ஒருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால் போதும். வாய்க்கால் கரையில் நான் இப்படித்தான் எடுத்தேன், வண்டி குலுங்காமல் இருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

படமெடுப்பதையே, எடிட்டையும் சேர்த்து, வார்தா எழுத்து என்றே நினைத்தார், இதற்காகவே ‘சினே-எக்ரித்யூர்’, அதாவது சினிமாவால் எழுதுவது, என்று ஒரு சொல்லையும் உண்டாக்கினார். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற வழி அவர் முதல் படத்தில் இருப்பது. அதில் இரண்டு கதைகள் மாறி மாறி வரும். ஒன்று, பிரியலாமா என்று பேசிக்கொண்டே நடக்கிற ஒரு கணவன் மனைவி. இன்னொன்று, சோதனைக்கு வருகிற அதிகாரிகளோடும் பிழைப்போடும் மல்லுக்கட்டுகிற மீனவர்கள். இரண்டையும் அவர் சேர்த்து முடிச்சுப் போடவில்லை. நீங்களும் இரண்டு இழை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு வயலில் இறங்குகிற வாத்துக்காரர் ஒன்று, அதே ஊரில் களம் கூட்டின காலத்தைச் சொல்கிற உங்கள் ஆச்சி ஒன்று. மாற்றி மாற்றி அடுக்குங்கள். நடுவில் பின்னணிக் குரல் போட்டு விளக்காதீர்கள். சோக வயலின் வேண்டாம், வாத்து கத்துவது போதும்.

வார்தா அரசியலைத் தனியாக ஒரு மூட்டையில் கட்டி வைத்திருக்கவில்லை. 1968-ல் அமெரிக்காவில் இருந்தபோது கருப்பினத்தவரின் பிளாக் பாந்தர் இயக்கத்தைப் படமெடுத்தார். பிரான்ஸில் கருக்கலைப்பு குற்றமாக இருந்த 1971-ல், தாங்கள் அதைச் செய்துகொண்டவர்கள் என்று அறிவித்த 343 பெண்களின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். சட்டம் மாறியது 1975-ல். 2018 கான் திரைப்பட விழாவில் 82 பெண்கள் படிக்கட்டில் நின்று சமஉரிமை கேட்டபோது, கேட் பிளான்செட்டோடு சேர்ந்து அறிக்கையை வாசித்தவர் இவர், அப்போது வயது எண்பத்தொன்பது. அதற்கு முந்தைய வருஷம்தான் கௌரவ ஆஸ்கர் கிடைத்திருந்தது. 2019 மார்ச் 29 அன்று பாரிஸில் காலமானார். மோன்பர்நாஸ் கல்லறையில், கணவர் ழாக் தெமியின் பக்கத்தில் இருக்கிறார்.

கடைசி வேலை, படத்தை அதில் இருப்பவர்களிடம் திரும்பக் கொண்டுபோவது. பொறுக்குகிறவர்கள் படம் வந்து இரண்டு வருஷம் கழித்து வார்தா அதே ஆட்களைத் தேடிப் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு இன்னொரு படமே எடுத்தார். 2017-ல் வந்த வேறொரு படத்துக்காக ஜேஆர் என்ற இளம் கலைஞரோடு ஒரு வேனில் கிராமம் கிராமமாகப் போய், அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பெரிதாக அச்சிட்டு அந்த ஊர்ச் சுவர்களிலேயே ஒட்டினார். யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால் நீங்களும் அந்தத் தெருவில் போட்டுக் காட்டுங்கள். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களிடம் புரொஜெக்டர் கிடைக்கும், வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கட்டினால் திரை ஆயிற்று. பால் கறந்து, சமைத்து முடித்து, பெண்கள் வெளியே வர இரவு எட்டரை ஆகும், அதுவரை தொடங்காதீர்கள். ஆச்சிகளுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். கரண்ட்டுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக்கொள்ளுங்கள், யார் காலிலும் தட்டாதபடி சுவரோரமாக.